முன்வரிசை

ஜூன் 14, புதன்

கராத்தே கிரேடிங் தேதி வந்துவிட்டது, அதாவது பெல்ட் தேர்வு. ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, மதுரையில். எங்கள் வகுப்பிலிருந்து பிளாக் பெல்ட்டுக்குப் போவது பெனிட்டாவும் நானும் மட்டும்தான். ஐந்தாம் வகுப்பில் வெள்ளை பெல்ட் கட்டியதிலிருந்து ஒவ்வொரு நிறத்தையும் ஒன்றாகவே தாண்டி வந்திருக்கிறோம்.

பால்பாண்டி மாஸ்டர் தேதியைச் சொன்னபோது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. வெளியே வந்ததும் பெனிட்டாதான் சொன்னாள். வகுப்பு நடக்கும் மண்டபத்து மின்விசிறிகள் பெரிய சத்தம். மாஸ்டரும் இப்போதெல்லாம் தொண்டைக்குள்ளேயே பேசுகிறார்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா மறுபடி அதையே சொன்னார். இந்தத் தடவை வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் விட்டுவிடு, அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, காலைத் தூக்கிக்கொண்டு திரிய நேரம் கிடையாது என்று. அப்பா பழனி பஸ்ஸில் கண்டக்டர். வீட்டிலும் கண்டக்டர் குரலில்தான் பேசுவார். அப்பா பேசுவது எனக்கு எப்போதும் கேட்கும்.

ஜூன் 18, ஞாயிறு

காதில் குரும்பி அடைத்திருக்கிறது. நேற்று ராத்திரி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி விட்டேன். தலையணையெல்லாம் எண்ணெய். அம்மா திட்டினாள். பெரிதாக ஒன்றும் வரவில்லை.

இன்று வகுப்பில் மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் முன்வரிசைக்கு வரச் சொன்னார். கிரேடிங்குக்குப் போகிறவர்கள் யார் முதுகையும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

நான் எப்போதும் இரண்டாவது வரிசையில், பெனிட்டாவுக்கு நேர் பின்னால் நிற்பேன். அவள் குதிகால் திரும்பினால் நானும் திரும்புவேன். அது காப்பி அடிப்பது ஒன்றும் இல்லை. எல்லாமே எனக்கும் தெரியும். எப்போது தொடங்குவது, எப்போது திரும்புவது என்பதை மட்டும் அவள் காலில் பார்த்துக்கொள்வேன்.

முன்வரிசையில் நின்றால் எதிரே சுவர்தான் இருக்கிறது. இன்று இரண்டு தடவை தப்பான பக்கம் திரும்பினேன். "கனவு காணுறியாடி" என்று மாஸ்டர் கேட்டதை அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

ஜூன் 24, சனி

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அடிபடாமல் இருக்கக் காலில் கட்டும் கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். தமயந்தி அத்தை அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டாள். அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். காது கேட்காது. கல்யாணம் ஆகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் பேச்சு ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்க வரும். வாசலில் நின்றுகொண்டு, "இலக்கியா, கார்டு, மறந்துட்ட" என்றாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மஞ்சள் பெல்ட் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி அதே மாதிரி சொல்லிக் காட்டினாள்.

யாரு அக்கா அது என்று பக்கத்தில் இருந்த பவித்ரா கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அத்தைக்கு மெதுவாகச் சொல்வதும் உரக்கச் சொல்வதும் ஒன்றுதான், உதட்டைப் படிப்பாள். அவளுக்குத் தெரியக் கூடாததை அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேனா என்று சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன்.

கார்டை என் பையின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

அத்தை எப்போதும்போல்தான் இருக்கிறாள். எனக்கு இட்லி வைத்தாள்.

ஜூலை 2, ஞாயிறு

அம்மா கோயிலுக்குப் போகும்போது அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு, விசில் வந்ததும் அணைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்படியிலேயே, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். விசில் வரும் வரும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

அத்தை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். தீய்ந்த நாற்றம் அங்கே வரைக்கும் போயிருக்கிறது. அடுப்படி முழுக்கப் புகை. எனக்குப் பக்கத்திலேயே அது எத்தனை விசில் அடித்ததோ.

அத்தை குக்கரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தன் காதைத் தொட்டாள். அதே விரலை என் பக்கம் நீட்டினாள்.

"உனக்குமா" என்றாள்.

புத்தகத்தைப் புரட்டினேன்.

அம்மா வந்து கேட்டபோது அத்தை தன் நெஞ்சைத் தொட்டு, நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன், மறந்துவிட்டேன் என்றாள். அம்மா முந்தானையை வாய்க்கு மேல் தூக்கினாள். "காது கேக்காதவ கிட்ட குக்கர விட்டுட்டு உக்காந்திருக்கியே, உனக்கு அறிவு இருக்கா? என்னத்துக்குத்தான் உதவும் அது" என்று என்னிடம் சொன்னாள் என்று நினைக்கிறேன். முந்தானைக்குள்ளிருந்து வந்ததால் பாதிதான் கிடைத்தது. மீதியை நானே போட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் அத்தையைப் பற்றிப் பேசுவது எப்போதும் அதே பேச்சுதான்.

ஜூலை 5, புதன்

எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 8, சனி

இன்று மாதிரி கிரேடிங் நடந்தது. கட்டா நன்றாக வந்தது. கட்டா என்பது தனியாகச் செய்வது, வரிசையாக வரும் அடியும் தடுப்பும். ஒருமுறை தொடங்கிவிட்டால் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. மாஸ்டர் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் குமித்தே. இரண்டு பேர் மோதுவது. எனக்கும் பெனிட்டாவுக்கும்.

அவள் என்னைவிட உயரம். கால் நீளம். நான் உள்ளே நுழைந்து அடிக்க வேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். அவள் பின்னால் போனாள், நான் போனேன். திடீரென்று அவள் கைகளைக் கீழே போட்டுவிட்டு மாஸ்டர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பல்லுக்கு வைக்கும் ரப்பரை வெளியே எடுத்தாள். வழி கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. என் கை போய்விட்டது.

முன்பல் பாதி உடைந்து பாயில் கிடந்தது. அவள் வாயிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளைச் சட்டையில் மார்பு வரைக்கும் இறங்கியது.

மாஸ்டர் "யாமே" சொல்லிவிட்டாராம். யாமே என்றால் நிறுத்து. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கத்தினாராம். சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

மாஸ்டர் என் எதிரே வந்து நின்று பேசியதை முழுசாக வாங்கிக்கொண்டேன். நல்ல வெளிச்சம் இருந்தது. "நிறுத்துன்னா நிக்கத் தெரியணும். அது தெரியாதவளுக்கு எதுக்கு பிளாக் பெல்ட்? உன் பேர நான் அனுப்பல, போ" என்றார்.

ஜூலை 9, ஞாயிறு

அப்பாவோடு பெனிட்டா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பள்ளிக்கூட டீச்சர். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஒன்றும் திட்டவில்லை. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டதைப் பார்க்க முடியவில்லை.

பெனிட்டா உதடு வீங்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"மாஸ்டர் சொன்னது உனக்குக் கேட்டுச்சுல்ல?"

கேட்கவில்லை என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்வாள், அவள் அம்மாவிடம் சொல்வாள், அவர் மாஸ்டரிடம் சொல்வார். அப்புறம் நானும் வாசலில் நின்று கார்டு கொடுக்கிற ஆள்தான்.

"கேட்டுச்சு" என்றேன். "கோவத்துல அடிச்சிட்டேன்."

அவள் என்னை நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு நம்பிவிட்டாள். அவள் நம்பிய அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வெளிய போடி" என்றாள்.

ஜூலை 10, திங்கள்

கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை.

ஜூலை 15, சனி

வாரம் முழுக்கச் சாயங்காலம் மண்டபத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே விடவில்லை. சீருடை போட்டுக்கொண்டு, பெல்ட் கட்டிக்கொண்டு, செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றேன். ஆடிக்காற்று இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. மண்ணெல்லாம் கண்ணில். பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். பெனிட்டா வியாழக்கிழமையிலிருந்து வந்தாள், பல்லுக்குத் தற்காலிக மூடி போட்டிருக்கிறாள். என்னைத் தாண்டிப் போகும்போது அவளுக்கு அங்கே யாரும் நிற்கவில்லை.

நேற்று மழை. அப்போதும் நின்றேன்.

இன்று மாஸ்டர் வெளியே வந்து, சரி, பேரை அனுப்பியிருக்கிறேன், ஆனால் கிரேடிங் வரைக்கும் யாரோடும் மோதக் கூடாது, கட்டா மட்டும் செய் என்றார். அவர் காலைத் தொட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, நகர்ந்துகொண்டார்.

பெனிட்டாதான் மாஸ்டரிடம் பேசியிருக்கிறாள் என்று பவித்ரா சொன்னாள். "அவ வரட்டும் மாஸ்டர், எனக்குப் பயமில்ல" என்று சொன்னாளாம்.

ஜூலை 19, புதன்

இயற்பியல் தேர்வில் பாதிக்கும் கீழே. டீச்சர் கேள்வியை வாயால் சொன்னார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

அம்மாவிடம் சும்மா கேட்பது போல, அத்தைக்கு எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்ததாம். முதலில் மணிச்சத்தம், குருவிச்சத்தம் போனதாம். கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, மாமியார் ஆகப்போகிறவர் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் அத்தை திரும்பவில்லையாம். கொண்டுவந்த தாம்பூலத் தட்டோடு எழுந்து போய்விட்டார்களாம்.

எதற்குக் கேட்கிறாய் என்றாள். சும்மாதான் என்றேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

குருவிச்சத்தம் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. அது போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

மொட்டைமாடியில் கட்டா செய்துகொண்டிருந்தேன். திரும்பியபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அத்தை நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

சொல்லிவிடு என்றாள். முப்பதாம் தேதிக்கு அப்புறம் என்றேன். அத்தை தலையை ஆட்டவில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன் என்றாள், கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று.

அவள் அதைச் சொன்ன குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "மெதுவாப் பேசு" என்று அதட்டினேன். அத்தை கீழே போய்விட்டாள். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையின் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்ததால் நிறுத்தினேன்.

ஜூலை 29, சனி

சட்டை தேய்த்தாயிற்று. நகம் வெட்டியாயிற்று.

எல்லாவற்றையும் கண்ணாலேயே செய்துவிட முடியும். இதுவரை செய்திருக்கிறேன். ஒரே ஒரு நாள்.

ஜூலை 30, ஞாயிறு

முதல் பஸ்ஸில் அப்பாவோடு மதுரைக்குப் போனேன். பெரிய கல்யாண மண்டபம், நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். மூன்று மாவட்டத்துப் பிள்ளைகள். மேடையில் சென்னையிலிருந்து வந்த தலைமைத் தேர்வாளர் துரைராஜ் சாரும் இன்னும் நான்கு பேரும். துரைராஜ் சார் குள்ளம், உதட்டை மூடும் அளவுக்கு அடர்ந்த நரைத்த மீசை. அந்த மீசைக்குள் நான் எதைப் படிப்பது.

முன்வரிசையில் பெனிட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அதிர்ஷ்டம், மேடைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுகள். பின்வரிசை முழுக்க அதில் மங்கலாகத் தெரிந்தது. அடிப்படை அடிகள், உதைகள், முன்னே பின்னே நகர்வது எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே முடித்துவிட்டேன். ஒரு தப்பும் இல்லை. துரைராஜ் சார் என்னைக் கடந்து போகும்போது நின்று, என் முழங்காலைப் பார்த்துத் திருப்தியாக ஏதோ சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு கட்டா. துரைராஜ் சார் மேடையிலிருந்து இறங்கி வந்து எங்களிடம் ஏதோ சொன்னார். மீசை மட்டும் அசைந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்வரிசையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பெனிட்டாவும் மூடியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவர் எண்ண எண்ணச் செய்ய வேண்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கண்ணை மூடினேன்.

இருட்டு. அதற்குள் எதுவும் இல்லை. முதல் அடிக்குப் பாய் அதிர்ந்தது, உள்ளங்காலில் தெரிந்தது. நானும் வைத்தேன். இரண்டாவதும் அதிர்ந்தது. மூன்றாவதுக்குப் பிறகு எது அவர்களுடைய அதிர்வு, எது என்னுடையது என்று தெரியவில்லை. நின்றால் மாட்டிக்கொள்வேன், நிற்காமல் போனால் ஒருவேளை சேர்ந்தே போய்விடலாம். போனேன். இதயம் அடிக்கும் வேகத்தில் எண்ணிக்கொண்டே போனேன். திரும்பினேன், தடுத்தேன், அடித்தேன், கத்த வேண்டிய இடத்தில் முழு மூச்சோடு கத்தினேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக அந்தக் கட்டாவைச் செய்ததில்லை. முடித்து, கால் சேர்த்து, கண்ணைத் திறந்தேன்.

எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எப்போதோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வரிசை கலையாமல், கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வரிசையை விட்டு நாலு எட்டு வெளியே நின்றேன். சுவரோரம் பெற்றவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் அப்பா.

துரைராஜ் சார் என் எதிரே வந்தார். மீசை அசைந்தது. கேள்வி கேட்கிறார் என்று மட்டும் தெரிந்தது. மறுபடி அசைந்தது. பால்பாண்டி மாஸ்டர் ஓடி வந்தார். அவர் வாயில் "திமிர்" என்ற சொல் தெரிந்தது.

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"எனக்குக் காது கேக்காது சார்" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மண்டபம் முழுக்கக் கேட்டதாக அப்புறம் தெரிந்தது.

துரைராஜ் சார் இரண்டு விரலால் மீசையை மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். எவ்வளவு நாளாக, யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். கண்ணைத் திறந்துகொண்டு கட்டாவைத் தனியாகச் செய்யச் சொன்னார். செய்தேன்.

குமித்தேவுக்கு என்னை விடவில்லை. கெஞ்சினேன்.

"நிறுத்துன்னு சொன்னா உனக்குத் தெரியணும்மா. அது தெரியாம எந்தப் புள்ள முன்னாடியும் உன்ன நான் நிறுத்த முடியாது" என்றார். கட்டாவும் மற்றதும் தேறியதாக எழுதிக்கொள்வதாகவும், டாக்டரைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் வா, கொடி காட்டி நிறுத்த ஒரு ஆளைப் போடுகிறேன் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் எனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியாது.

பெனிட்டா மூன்று பேரோடு மோதினாள். தேறிவிட்டாள். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டாமல், நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டுக்கு வந்தாள். என் எதிரே, ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னைக்கு?"

"கேக்கல."

"பின்ன ஏன்டி கோவத்துல அடிச்சேன்னு சொன்ன?"

அவள் என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். வலித்தது. பிறகு அந்தக் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

திரும்பி வரும்போது அப்பா சாலையைக் கடக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ரொம்பச் சின்னப் பிள்ளையைப் பிடிப்பது போல. பஸ் நிலையத்தில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். திண்டுக்கல் வரைக்கும் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். தாடை அசைந்தது. என்னிடம் பேசினாரா, தனக்குள் பேசிக்கொண்டாரா தெரியாது.

வீட்டில் அப்பாதான் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. காதுக்குக் கீழே தாடை அசைவது பின்னாலிருந்து தெரிந்தது. நிறைய பேசினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

போய் அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா."

அம்மா முந்தானையைத் தூக்கினாள். நான் அதைப் பிடித்து இறக்கினேன். அழுதுகொண்டே சொன்னாள்.

"யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னேன். வெளிய தெரிஞ்சா உன் கதி என்னடி ஆகும்?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தாம்மா வந்திருக்கேன்" என்றேன்.

அதற்கப்புறம் மூன்று பேரும் சாப்பிடவில்லை. அத்தை மட்டும் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 5, சனி

காது டாக்டரிடம் போனோம். அப்பா, நான், அத்தை. இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் போகும், எவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல முடியாது என்றார். கருவி வைத்தால் இருப்பதை வைத்து ஓட்டலாம். பத்தாவதிலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கராத்தேவைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் சோதனை. ஒரு சின்ன அறை, பெட்டி மாதிரி, சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு நிமிஷத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சத்தம் அனுப்பும்போது அந்த அக்காவின் வலதுகைக் கட்டைவிரல் லேசாகக் கீழே போகிறது. அதைப் பார்த்து அழுத்தினால் போதும். எல்லாம் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அம்மா சிரிப்பாள். மூன்று தடவை அப்படியே அழுத்தினேன்.

பிறகு கையைத் தூக்கி அந்த அக்காவை நிறுத்தச் சொன்னேன். முதலிலிருந்து வைக்கச் சொன்னேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கேட்டபோது மட்டும் அழுத்தினேன். பெரும்பாலான நேரம் என் விரல் சும்மாவே இருந்தது.